அவன் ஓட்டியதில் தப்பில்லை

என் தங்கை மகன் கொல்லிமலை இறக்கத்தில் விழுந்து இடது காறை எலும்பை முறித்துக்கொண்டான். 2022 ஜூலையில் நடந்தது. விழுந்தவன் அவன், விழ வைத்தவன் நான். ஒன்றரை வருஷம் இதை அவனிடமும் சொல்லவில்லை, அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் வண்டியின் வயதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய வண்டி வளைவில் எப்படிப் போகும், புது வண்டி எப்படிப் போகும் என்று டீக்கடையில் உட்கார்ந்து விளக்கம் வேறு கொடுத்தேன். அந்த விளக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு முன் அச்சு வேலை பார்க்கிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. கிங் பின் ஆட்டம், டை ராடு எண்ட் தேய்மானம், அலைன்மென்ட் எல்லாம் என் கையில் பழகிய வேலை. "வண்டி இடது பக்கமா இழுக்குதுங்கண்ணா" என்று டிரைவர் வந்து நின்றால், முன் டயரைக் கையால் தடவியே பாதிக் கோளாறைச் சொல்லிவிடுவேன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் ஒரு லாரியையும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் நடந்த தவறு என்று யாரும் எனக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது.

வண்டி, யமஹா ஆர்15. 2008ல் இந்தியாவில் வந்த முதல் ஆர்15. நான் 2009ல் புதிதாக வாங்கினேன். அப்போது ஊரில் வேகமான வண்டி என்றால் கரிஸ்மா, இல்லையென்றால் பல்சர் 220. 150 சிசி வண்டிக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் பணம் கொடுத்தவனைப் பார்த்து எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வண்டியில் இருந்த சரக்கே வேறு. தண்ணீரால் குளிரும் இன்ஜின், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், ஆறு கியர். எல்லாவற்றையும் விட அந்த ஃப்ரேம். டெல்டாபாக்ஸ் என்று பெயர். 1980களில் யமஹா தன் பந்தய வண்டிகளுக்குக் கட்டிய அமைப்பு அது. ஹேண்டிலைத் தாங்கும் கழுத்திலிருந்து பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் வரைக்கும் இரண்டு அகலமான கைகள் நேராக இறங்கும். நடுவில் முறுக்கிக்கொள்ள இடமே இல்லை. முன் சக்கரம் என்ன நினைக்கிறதோ அதையே பின் சக்கரமும் நினைக்கும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1,290 மில்லிமீட்டர்தான். பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்து 131 கிலோ எடை. முன்னால் 80, பின்னால் 100 என்று ஒல்லியான டயர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுக்கென்றே யாரோ அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் சோளக்காடு வரைக்கும் உடம்பை லேசாகச் சாய்த்தால் போதும், வண்டி திரும்பியிருக்கும்.

முதல் நாலு வருஷம் மாதத்துக்கு ஒரு முறையாவது மலைக்குப் போனேன். பிறகு கல்யாணம், சொந்தப் பட்டறை, கடன், குழந்தை. வண்டி பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓடியது. சேலம் நாலு வழிச் சாலையில் உதிரிப்பாகம் வாங்க நேராகப் போய் நேராக வந்தது. இன்ஜின் ஆயில் மட்டும் தவறாமல் மாற்றினேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன். முன் டயர் 2013ல் மாற்றியது. ஃபோர்க் ஆயில் ஒரு முறைகூட மாற்றியதில்லை. 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

2018 வாக்கில் ஹேண்டிலில் ஒரு மாற்றம் தெரிந்தது. நேராக வைத்தால், நடுவில் ஓர் இடத்தில் 'டக்'கென்று போய் உட்காரும். திருப்பினால் முதலில் அடம் பிடித்து, பிறகு விடுபட்டு வரும். கோன் செட் போய்விட்டது. லாரிக்காரன் என்றாலும் இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஃப்ரேமின் கழுத்துக்குள் மேலும் கீழும் இரண்டு கிண்ணங்கள், அவற்றில் வரிசையாகக் குண்டுகள். அந்தக் குண்டுகள் மேல்தான் ஹேண்டில் சுற்றுகிறது. வருஷக்கணக்கில் குழியிலும் வேகத்தடையிலும் அடி வாங்கினால் குண்டுகள் கிண்ணத்தில் தடம் பதித்துவிடும். நேராகப் போகும்போதுதான் அதிக அடி என்பதால் நடுவில்தான் பள்ளம் விழும். கிரீஸும் காய்ந்திருந்தால் சீக்கிரமே விழும். அரை நாள் வேலை. சாமானுக்கு ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விட்டேன். அந்த அடுத்த வாரம் நாலு வருஷம் வரவே இல்லை.

ஏன் விட்டேன் என்று இப்போது யோசித்தால் ஒரே பதில்தான் இருக்கிறது. எனக்குப் பழகிவிட்டது. வளைவு வருமுன்னே முழுக்க வேகத்தைக் குறைத்துவிடுவேன். ஹேண்டிலை முன்கூட்டியே லேசாக உள்ளே தள்ளி அந்தப் பள்ளத்திலிருந்து விடுவித்துக்கொள்வேன். வளைவுக்குள் முன் ப்ரேக்கைத் தொடவே மாட்டேன். கை தானாகவே இதையெல்லாம் செய்யக் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது என் கை மட்டும்தான். அடுத்தவன் கைக்கு அது தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு மலையில் சாவியைக் கொடுக்கும்போது யோசித்தேன்.

தங்கை மகன் 2022 தொடக்கத்தில் ஆர்15 வி4 வாங்கினான். முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டிய வண்டி. சின்ன வயதில் என் வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியவன். அதனால்தான் ஆர்15 தான் வேண்டும் என்று நின்றான். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இரண்டு வண்டியில் மலை ஏறினோம். செம்மேட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு இறங்கக் கிளம்பும்போது கேட்டான்.

"மாமா, கீழ போற வரைக்கும் உங்க வண்டிய நான் ஓட்டட்டுங்களா? சின்னதுல இருந்து ஆசை."

எனக்கும் அவன் புது வண்டி மேல் ஆசை. கொடுத்தேன். 'ஹேண்டில் நடுவுல மாட்டும், பாத்துக்க மாப்ள' என்று ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. இவ்வளவு நாளாக லாரிக்கு முன் அச்சு பார்க்கிற மாமன் தன் வண்டியில் கோன் செட் மாற்றாமல் வைத்திருக்கிறான் என்று அவன் நினைப்பான். அந்தக் கூச்சத்தில் வார்த்தையை விழுங்கிவிட்டேன். இந்த வாக்குமூலத்தில் முக்கியமான இடம் இதுதான்.

43வது வளைவு என்று பலகையில் இருந்தது. இடது பக்கம் மடங்கும் இறக்கம். சாலை காய்ந்துதான் இருந்தது. அவனுக்குப் பின்னால் முப்பதடி தூரத்தில் நான் வந்தேன். அவன் வேகமாகவும் போகவில்லை. வளைவுக்கு முன் ப்ரேக் பிடித்தான். முன்பக்கம் ஒரேயடியாக அமிழ்ந்தது. செத்துப்போன ஃபோர்க் ஆயில் அதைத் தாங்கவில்லை. சாய்ந்தான். ஹேண்டில் நடுவில் மாட்டியது, ஒரு கணம் வண்டி நேராகவே போனது, பிறகு பொத்தென்று உள்ளே விழுந்தது. பதறி நிமிர்த்தினான். வண்டி அகலமாக விரிந்து எதிர்ப் பாதிக்குப் போய்விட்டது. கீழேயிருந்து ஒரு பஸ் ஏறிக்கொண்டிருந்தது. முன் ப்ரேக்கை அழுத்திப் பிடித்தான். ஒன்பது வயது டயர் பூட்டிக்கொண்டு வழுக்கியது. இடது தோள் தரையில் அடிக்க விழுந்தான். பஸ் டிரைவர் நல்ல மனுஷர், முன்னமே நிறுத்திவிட்டார். பஸ்ஸின் முன் சக்கரத்துக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் என் வண்டி கிடந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மா தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். ஈரத்துண்டு அது, மூலையில் மிளகு முடிச்சு ஒன்று இருந்தது. அந்த முடிச்சை அவிழ்க்காமலே கட்டினார். அவன் வலியில் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்துச் சொன்னான்.

"என் தப்புதானுங்க மாமா. ப்ரேக்கை ஜாஸ்தியா புடிச்சிட்டேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகாத வண்டி மாப்ள, அப்படித்தான் ஆகும்" என்றேன். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்த தங்கை அவனைத் திட்டினாள். "புது வண்டி வாங்கின திமிரு, மாமன் வண்டிய வேற கேட்டு வாங்கிட்டுப் போயி வுழுந்திருக்கான் பாருங்கண்ணா" என்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டீக்கடை விளக்கங்கள். "2008 டிசைனுங்க. முன்னால 80 டயர். ஏபிஎஸ் கிடையாது. இன்னிக்கு வர்ற இந்த சைஸ் வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம், பழசுல அது எங்க? இன்னிக்கு வண்டிங்க முன்னால இது நிக்காது." இதில் ஒவ்வொரு தகவலும் சரி. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். என் வண்டியில் அது இல்லை. ஏபிஎஸ் இருந்திருந்தால் அந்தச் சக்கரம் பூட்டியிருக்காது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவன் அந்த ப்ரேக்கைப் பிடிக்க வேண்டிய நிலைமைக்கு வந்ததே என் கோன் செட்டால். அதைத்தான் தகவல்களைப் போட்டு மூடினேன்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. வேறொன்று கூடவில்லை. அவன் மலைக்குப் போவதை நிறுத்தினான். ராசிபுரத்திலிருந்து வரும் வழியில் ஒரு சின்ன வளைவுக்குக்கூட இரண்டு கியர் இறக்குவதைப் பார்த்தேன். ஒரு தீபாவளிக்கு, கூட்டாளிகள் ஏற்காட்டுக்குக் கூப்பிட்டபோது, "எனக்கு வளைவுல ஓட்ட வராதுடா" என்று என் முன்னாலேயே சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்தான் இதை உடைத்தான். வேலைக்கு வந்து நாலு மாதம். 2024 ஜனவரியில் ஒரு காலை, இடம் மாற்றி நிறுத்துவதற்காக என் வண்டியைத் தள்ளினான். "அண்ணா, ஹேண்டில் நடுவுல டக்குனு உக்காருதுண்ணா. கோன் போயிருக்குண்ணா" என்றான். நாலு மாதப் பையன் தள்ளும்போதே கண்டுபிடித்ததை நான் ஆறு வருஷமாகத் தெரிந்தே ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கு லாரி வேலையை நிறுத்திவிட்டு அதைக் கழற்றினேன்.

கீழ்க் கிண்ணத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வட்டம் முழுக்கச் சம இடைவெளியில் சின்னச் சின்னக் குழிகள். நகத்தால் தடவினால் ஒவ்வொரு குழியிலும் நகம் விழுந்து ஏறியது. ஃபோர்க்கிலிருந்து வந்தது ஆயில் என்று சொல்ல முடியாது, சாம்பல் நிறத்தில் நாற்றமெடுத்த தண்ணீர். ஒரு காலில் மறுகாலில் இருந்ததில் பாதிகூட இல்லை. சீல் கசிந்து எப்போதோ போயிருக்கிறது. முன் டயரின் பக்கவாட்டில் 2213 என்று நாலு இலக்கம். 2013ஆம் வருஷம் 22வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டன் வரிசையில் இன்னும் ஆழம் இருந்தது, அதனால்தான் மாற்றவில்லை. ஆனால் ரப்பர் இறுகிக் கட்டையாகியிருந்தது. பின் டயர் நாலு வழிச் சாலையில் நேராகவே ஓடி நடுவில் தட்டையாகியிருந்தது. அப்படித் தட்டையான டயரில் சாய்க்க ஆரம்பித்தால் முதலில் வராது, விளிம்பு தாண்டியதும் திடீரென்று விழும். கோனும் டயரும் சேர்ந்து ஒரே கோளாறை இரண்டு மடங்காக்கியிருந்தன.

கோன் செட், சீல், ஃபோர்க் ஆயில், இரண்டு டயர், ஸ்விங் ஆர்ம் புஷ். ஏழாயிரத்தைத் தாண்டவில்லை. தங்கை மகன் அவ்வளவு வலி பட்டது ஏழாயிரம் ரூபாய்க்கும் ஒன்றரை நாள் வேலைக்கும்.

அடுத்த ஞாயிறு தனியாக மலைக்குப் போனேன். இரண்டாவது வளைவிலேயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். 2009ல் வாங்கிய வண்டி அது. கொஞ்சமும் மாறவில்லை. கழுத்தின் கோணம், ஃப்ரேமின் இறுக்கம், சக்கரங்களின் இடைத்தூரம் எதுவும் வயதாவதில்லை. வயதாவது குண்டும் கிண்ணமும், ஆயிலும், ரப்பரும்தான். அவை மாற்றுவதற்கென்றே இருக்கிற சாமான்கள். மாற்றாமல் விட்ட வண்டியையும் ஷோரூமிலிருந்து வந்த வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழசு, புதுசு என்று நான் பேசிய பேச்செல்லாம் நேர்மையில்லாத பேச்சு.

இப்போது நேர்மையாகச் சொல்கிறேன். அவன் வி4ஐயும் என் வண்டியையும் அதற்குப் பிறகு ஒரே நாளில் ஒரே மலையில் ஓட்டிப் பார்த்தேன். ப்ரேக்கில் வி4க்குப் பக்கத்தில் என் வண்டி வராது. தலைகீழ் ஃபோர்க் அமிழ்வது அளவாக இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது. இறக்கத்தில் இரண்டு கியர் சடாரென்று இறக்கினால் என் வண்டியின் பின் சக்கரம் துள்ளும். வி4ல் ஸ்லிப்பர் க்ளட்ச் அந்தத் துள்ளலை விழுங்கிவிடுகிறது. முன்னால் 100, பின்னால் 140 டயர். வேகமான அகல வளைவில், உடைந்த தாரின் மேல், வி4 மனதைக் கலங்க விடாது. அங்கே என் வண்டியின் ஒல்லி டயர் லேசாகக் குறுகுறுக்கும்.

கொண்டை ஊசியில் கதை வேறு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒடுக்கமாக மடங்குகிற இடத்தில் என் வண்டி நினைத்தவுடன் திரும்புகிறது. வி4க்கு வீல்பேஸ் 35 மில்லிமீட்டர் அதிகம், எடையும் பத்து கிலோவுக்கு மேல் கூடுதல். டயர் அகலமானால் அதே வேகத்துக்கு அதே வளைவில் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டும், தரையைத் தொடும் இடம் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால். எழுபது வளைவு முடிந்து இறங்கும்போது எந்த வண்டி தோளைக் களைக்க வைத்தது என்று பார்த்தால் தெரியும். நண்பர்களுடைய கேடிஎம் ஆர்சி 200, ஓசூரில் செய்கிற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். இரண்டும் என் வண்டியை நேர்ச் சாலையில் விட்டுவிட்டுப் போய்விடும். ஆர்ஆர் 310 வேகத்தில் பாறை மாதிரி நிற்கும், ஆனால் ஏறக்குறைய நாற்பது கிலோ அதிகம். ஒடுக்கமான வளைவில் அந்த நாற்பது கிலோவை நாம்தான் சுமக்க வேண்டும். சரியாகப் பராமரித்த முதல் ஆர்15 இன்றைக்கும் கொல்லிமலையில் யாருக்கும் பின்னால் நிற்க வேண்டிய வண்டி இல்லை. ப்ரேக் பிடிக்கிற இடத்தை மட்டும் நாம் முன்கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவன் கையில் கொடுத்து நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினான். அவனுக்குப் புரிய நேரமாகவில்லை.

"அன்னிக்கே இப்படித்தான் இருந்துச்சுங்களா மாமா?"

"ஆமா மாப்ள."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். சாவி குடுக்கும்போதும் தெரியும். சொல்லக் கூச்சப்பட்டுட்டேன். நீ ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல."

அவன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். தங்கை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்கு யாரும் காபி கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம். ஒரு மாதம் கழித்துத்தான் அவன் போன் செய்தான். என் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டான். அவன் மறுபடி மலை ஏறுகிறானா இல்லையா என்பது அவன் முடிவு. நான் கூப்பிடவில்லை.

வீட்டில் பத்துப் பதினைந்து வருஷ வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பியோ, மருமகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ ஒரு ரவுண்டு கேட்பார்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஓர் ஆளைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை இரண்டு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது உட்கார்ந்தால் கோன் போய்விட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். இரண்டு நிமிஷம் ஆகும். ஏதாவது கோளாறு இருந்தால், கூச்சப்படாமல் வாயைத் திறந்து சொல்லி, சாவியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.